கம்பளிக் கிடங்கில் ஒரு நல்ல சிரிப்பு

நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். பழக்கதோஷம். எதிரில் இருப்பவர் முகம் இருட்டில் இருந்தால் எனக்குப் பேச்சு வராது.

ம், இப்போது சரி. உங்களுக்கு இடது புருவம் மட்டும் லேசாக ஏறுகிறது, ஐயா. நம்பாதவர்களுக்கு அப்படித்தான் ஏறும். பரவாயில்லை. போகப் போக இறங்கிவிடும்.

என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டீர்கள். கம்பெனி தியேட்டர்களில் திரைக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டு, ஜனங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். படம் என் முதுகுக்குப் பின்னால் ஓடும். நான் படம் பார்ப்பதில்லை, படம் பார்க்கிறவர்களைப் பார்ப்பேன். எங்கே சிரித்தார்கள், எங்கே கொட்டாவி விட்டார்கள், எங்கே பக்கத்து ஆள் சிரித்ததால் மரியாதைக்குச் சிரித்தார்கள் என்று போய்ச் சொல்வேன். நான் சொன்ன இடத்தில் கத்தரி விழும். ஸ்டூடியோ, வானொலி, ஊருக்கு ஊர் தியேட்டர், கடலோரம் ராட்டினப் பூங்கா என்று பரந்து கிடந்த அத்தனை பெரிய கம்பெனியில், படமே பார்க்காமல் சம்பளம் வாங்கியவன் நான் ஒருவன்தான்.

பிறகு பொருளாதார மந்தம் வந்தது. பத்திரிகைகளில் அப்படித்தான் போட்டார்கள். மந்தம் என்றால் வயிற்றுக்கு வருவதுதானே, ஒரு வேளை பட்டினி கிடந்தால் சரியாகிவிடும் என்று ஊரே கிண்டலடித்தது. பட்டினி வந்தது. சரியாகவில்லை. மில் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வங்கி வாசலில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்ற ஆட்கள், அடுத்த குளிர்காலத்தில் கோட்டு இல்லாமல் இலவசச் சாப்பாட்டு வரிசையில் நின்றார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் வாயில் சுருட்டு இருந்தது, ஆனால் பற்ற வைக்கவில்லை. சும்மா கடித்துக்கொண்டிருந்தார். நிலைமை மோசம் என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உட்காருய்யா. ஒரே ஒரு கேள்வி. இந்தக் காலத்தை நம்ம கம்பெனி தாங்குமா?"

"தாங்கும் முதலாளி."

"கணக்குப் பாக்கறவனுங்க அத்தனை பேரும் தாங்காதுங்கறானுங்க."

"அவங்க பேப்பரைப் பாத்துச் சொல்றாங்க. நான் முகத்தைப் பாத்துச் சொல்றேன். வயிறு காஞ்சவன் செருப்பு வாங்கமாட்டான், சட்டை வாங்கமாட்டான். சிரிப்பை மட்டும் விடமாட்டான்."

அவர் என்னையே பார்த்தார். "உன்னை நம்பித்தான்யா கதவைத் தொறந்து வெச்சிருக்கேன்" என்றார்.

என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை, ஐயா. என் அப்பா சொன்னதில்லை. கட்டியவள் சொன்னதில்லை. அன்றைக்கு நான் டிராம் ஏறாமல் வீடு வரைக்கும் நடந்தே போனேன்.

முதல் வருஷம் நான் சொன்னதுதான் நடந்தது. ஜனங்கள் கிழிந்த சட்டையோடு வந்து வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது வருஷம் வரவில்லை. நான் காலி நாற்காலிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நாற்காலிக்கு முகம் கிடையாது. ஊர் ஊராகத் தியேட்டர் மூடினார்கள். ராட்டினம் துருப்பிடித்து நின்றது. எதையாவது குறைத்தாக வேண்டும் என்றார் முதலாளி. படம் போடுவதற்கு முன்னால் மேடையில் கோமாளி வந்து அரை மணி நேரம் சிரிக்க வைப்பது எங்கள் கம்பெனியின் வழக்கம். அதைக் குறைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். எங்கள் தியேட்டரின் கோமாளி என் மச்சான்.

என் மனைவியின் தம்பி அவன். தகரத்தில் ஆணி கீறுவது போன்ற குரல் என்பதால் எல்லோரும் அவனைத் தகரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவனை மேடையேற்றியவன் நான். அவன் அக்காவின் சமையலறையில் முருங்கைக்காய் மாதிரி சாய்ந்து நின்றுகொண்டு அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவனை, கையைப் பிடித்துக் கம்பெனிக்குக் கூட்டிப் போனவன் நான். எங்கே நிறுத்த வேண்டும், எப்போது மூச்சு விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் நான்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தேன். அதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

முன்பு ஒரு முறை, எங்கள் தியேட்டர் ஒன்றில் எவனோ 'நெருப்பு' என்று கத்திவிட்டான். நெருப்பே இல்லை. ஆனாலும் நெரிசலில் பலர் மிதிபட்டுச் செத்தார்கள். அதற்குப் பிறகு கம்பெனியில் யாரும் கத்தக் கூடாது என்று ஆனது. கூட்டத்தின் புத்தி தெரிந்தவன் என்று மாற்று ஏற்பாட்டை என் தலையில் கட்டினார்கள். நான் வகுத்தது எளிமையானது. ஆபத்து என்றால், பின்னால் நிற்கும் கம்பெனி ஆள் முஷ்டியை மடக்கி உயர்த்துவார். 'கூட்டத்தைப் பிடித்து வை, பக்கக் கதவைத் திறக்கிறோம்' என்று அர்த்தம். மேடையில் இருப்பவன் ஒன்றும் நடக்காதது போலத் தன் வேலையைத் தொடர வேண்டும். ஒருவரையும் எழ விடக் கூடாது. கதவுகள் திறந்ததும் பின்னால் நிற்பவர் உள்ளங்கையைக் காட்டுவார். அப்போது வரிசை வரிசையாக அனுப்பலாம்.

"உள்ளங்கை தெரியற வரைக்கும் ஒருத்தனும் எந்திரிக்கக் கூடாது. நீயும் மேடையை விட்டு இறங்கக் கூடாது. தலையில கூரையே விழுந்தாலும் சரி" என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

"விழுந்தா அதையும் ஒரு ஜோக்கா ஆக்கிடறேன் அத்தான்" என்பான். மாதம் ஒரு முறை ஒத்திகை பார்ப்போம். அவன் ஒரு முறைகூடத் தப்பு செய்ததில்லை.

அப்படிப்பட்டவனை வீட்டுக்கு அனுப்பினேன். கம்பெனி வேறு, குடும்பம் வேறு. என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வேற யாரையும் சொல்லத் தோணலையா உங்களுக்கு?"

"மச்சானை விட்டுட்டு மத்தவனை அனுப்பினா ஊர் என்ன சொல்லும்?"

"சரி" என்றாள். அதற்கப்புறம் வீட்டில் தேவைக்கு மேல் பேச்சில்லை. சாப்பாடு ஆச்சு. விளக்கை அணைக்கட்டுமா. அவ்வளவுதான்.

இனி, ஜனங்கள் எங்கே போனார்கள் என்பதைச் சொல்கிறேன். ஒரு நாள் சாப்பாட்டு வரிசையைக் கடந்து போகும்போது, தட்டோடு நின்ற ஒருவன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டதைப் பார்த்தேன். அது அப்போது வந்த சிரிப்பல்ல. நேற்றுக் கேட்டதை நினைத்து இன்று மிச்சம் சிரிப்பது. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

"என்ன அண்ணே, அப்படி என்ன விசேஷம்?" என்றேன்.

"நேத்து மத்தியானம் கம்பளிக் கிடங்குக்கு வரலியா நீங்க? அய்யோ, போச்சு போங்க! தகரம்னு ஒருத்தன் வரான். கொன்னுடறான்."

மூடிய மில்லுக்குப் பின்னால் கம்பளி மூட்டை அடுக்கும் பழைய கிடங்கு அது. கம்பெனி வீட்டுக்கு அனுப்பிய ஆட்கள் எல்லாம் அங்கே கூடியிருந்தார்கள். மத்தியான வேளையில் காட்சி. டிக்கெட் கிடையாது. வருகிறவர்கள் எரிக்க ஏதாவது கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். உடைந்த நாற்காலிக் கால், பெட்டிப் பலகை, ஜன்னல் சட்டம். வாசல் கதவை ஒட்டி அது மலை போல் குவிந்திருந்தது. நடுவில் பெரிய இரும்பு அடுப்பு. பக்கக் கதவுகளை மில்காரர்கள் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். மேடைக்குப் பின்னால், சரக்கு இறக்கும் கதவு ஒன்று திறந்தபடி இருந்தது. ஆனால் அது திரைக்கு அந்தப் பக்கம். மேடை ஆட்களுக்கு மட்டுமே தெரியும்.

தகரம் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டான். வேலையை விட்டு அனுப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேடை ஓரத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டான், ஜனங்களைப் பார்த்தபடி. என்னைத் தெரிந்தவன் அல்லவா.

நான் முகங்களைப் பார்த்தேன். ஐயா, வாழ்நாள் முழுக்கச் சிரிப்பு பார்த்தவன் நான். அந்த மாதிரிச் சிரிப்பைக் கம்பெனி ஒரு நாளும் வரவழைத்ததில்லை. பல் போன கிழவர் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுக்குத் திண்டாடி, முன் வரிசைக்காரன் தோளில் விழுந்து சிரித்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காசு இல்லாததால் அல்ல, இது இருந்ததால்தான் இவர்கள் எங்களிடம் வரவில்லை. இத்தனை வருஷம் அவர்களுக்காகவே படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் இங்கே வந்துவிட்டார்கள்.

பிறகுதான் கேட்டேன், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று. தகரம் மேடையில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, கழுத்தை நீட்டிக் கூட்டத்தை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணாவது வரிசை ஐயா, இன்னும் ரெண்டு பல்லு தெரியட்டும், கம்பெனிக்குக் கட்டுப்படி ஆகல... இவரு வீட்டுல பொண்டாட்டி அழுதாளாம். கிட்டப் போயி உத்துப் பாத்தாராம். 'அழுகை நல்லாத்தான்மா இருக்கு, ஆனா இடைவேளைக்கு முன்னாடியே வந்திருக்கணும்'னாராம்!"

கிடங்கே அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மற்ற எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. நான் அந்த முகத்தை முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அப்படி அது சிரித்து நான் பார்த்ததே இல்லை.

என் மனைவி.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வீட்டில் நடந்தது, ஐயா. அவள் அழுததும் நடந்தது, நான் கிட்டப் போய்ப் பார்த்ததும் நடந்தது. அவள் சொல்லாமல் அவனுக்கு எப்படித் தெரியும்?

காட்சி முடிந்ததும் தகரம் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"கோச்சுக்காதீங்க அத்தான். உங்க புண்ணியத்துல இன்னைக்கு அடுப்பே தேவைப்படல, பாத்தீங்களா?"

"நல்லா இருந்துது" என்றேன். நன்றாகத்தான் இருந்தது. தொழிலில் நான் பொய் சொல்வதில்லை.

அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒரே ஒரு கவலை அத்தான். கூட்டம் நாளுக்கு நாள் ஏறுது. நம்ம தியேட்டர் மாதிரி கதவுக்கு ஆள் கிடையாது. விறகு வேற வாசல்லயே கெடக்கு. நீங்க வந்து பின்னாடி நின்னீங்கன்னா எனக்கு தைரியமா இருக்கும்."

"நான் இருக்கேன். பக்கக் கதவுச் சங்கிலிக்கும் ஏற்பாடு பண்றேன். ஆள் போடறேன்."

"நீங்க சொன்னா முடிஞ்சுது அத்தான்" என்றான்.

என் சம்பளம் பாதியானதிலிருந்து சாப்பாட்டு வரிசைக்குப் போய்வரும் மனைவி, அன்று மாலை வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். "சாப்பாட்டு வரிசையில நின்னு நின்னு கால் போச்சு" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணோரத்தில் சிரித்த ஈரம் இன்னும் காயவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது?

"இலவசத்தோட எவன்யா போட்டி போட முடியும்?" என்றார். சுருட்டைப் பல் மாற்றிக் கடித்தார். "அந்தக் கிடங்கு பாதுகாப்பான எடமா?"

"இல்லை முதலாளி."

"ம். ஒரு நாள் ஏதாச்சும் ஆயிடும். ஆச்சுன்னா சர்க்கார் அத்தனையையும் இழுத்து மூடிடும், இல்ல?"

"மூடிடும்."

"பாவம்" என்றார். பிறகு கதவு வரைக்கும் வந்து என் தோளைத் தட்டி அனுப்பினார். இந்த இடத்தில் உங்கள் புருவம் இறங்கியதைக் கவனித்தேன். நன்றி. எதையும் செய்யச் சொல்லி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மனிதர் இன்னொருவரை நம்பிக் கதவைத் திறந்து வைத்திருக்கும்போது, எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டா இருப்பார்?

அந்த வெள்ளிக்கிழமை கிளம்பும்போது மனைவி சொன்னாள்: "இன்னைக்கு வரிசை நீளமா இருக்கும். வர நேரமாகும்."

"பொறுமையா வா" என்றேன்.

கிடங்கு நிரம்பி வழிந்தது. நான் சொன்னபடி பின்னால், வாசல் கதவை ஒட்டி நின்றேன். தகரம் மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். விறகுக் குவியலுக்கு மேலே ஆணியில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தபடி தொங்கியது. அதை எடுத்துக் குவியலின் மேல் சாய்த்து வைத்தேன். நான் செய்தது அது ஒன்றுதான். மற்றதைக் காய்ந்த பெட்டிப் பலகை பார்த்துக்கொண்டது.

புகை கிளம்பியதை முதலில் பார்த்தவன் தகரம்தான். எல்லோரும் அவனைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், அவன் ஒருவன்தான் வாசலைப் பார்த்து நின்றான். அவன் வாய் பாதி வார்த்தையில் நின்றது. கண் என்னைத் தேடியது.

நான் முஷ்டியை உயர்த்தினேன்.

அவன் முகம் உடனே தெளிந்துவிட்டது, ஐயா. அதை நான் மறக்க மாட்டேன். அத்தான் இருக்கிறார், கதவு திறக்கப் போகிறார். அவ்வளவுதான் அந்த முகத்தில் இருந்தது. விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடர்ந்தான். முன்னால் யாரோ மூக்கை உறிஞ்சித் திரும்பிப் பார்க்க, "புகை வருதா? பயப்படாதீங்க, பின் வரிசையில யாரோ யோசிக்கிறாங்க!" என்றான். சிரிப்பு வெடித்தது. எழுந்த ஒருவரும் உட்கார்ந்துவிட்டார்.

முஷ்டியை இறக்காமல் பின்னாலேயே நடந்தேன். பெரிய கதவில் ஆள் நுழையும் சின்னக் கதவு ஒன்று உண்டு. அதன் வழியாக வெளியே வந்தேன். பக்கக் கதவைத் திறக்கப் போகிறார் என்றுதான் அவன் நினைத்திருப்பான். ஒத்திகையில் அப்படித்தான். சின்னக் கதவைச் சாத்தினேன். காற்றுப் பட்டால் தீ பெரிதாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. அதையும் போட்டேன்.

மில் சுவர் ஓரம் நின்று கேட்டேன். நான் எதிர்பார்த்ததை விட அதிக நேரம் சிரித்தார்கள். தொழில்முறையில் சொல்கிறேன், அது நல்ல சிரிப்பு. மரியாதைச் சிரிப்பு ஒன்றுகூடக் கலக்கவில்லை.

அவனுக்குப் பின்னாலேயே கதவு இருந்தது. திரையை விலக்கி ஜனங்களை அந்த வழியாக அனுப்பியிருக்கலாம். யார் வேண்டாம் என்றது? வளர்ந்த ஆண்பிள்ளை அவன். உள்ளங்கைக்காகக் காத்திருந்தான் என்கிறார், மேடை ஓரத்தில் அவனுக்கு அக்கார்டியன் வாத்தியம் வாசித்த அம்மா. அவர் மட்டும் மேடைப் பக்கமாக வெளியே வந்தார், அவரோடு முன் வரிசையில் கொஞ்சம் பேர். அவரும் பழைய கம்பெனி ஆள். முஷ்டியின் அர்த்தம் அவருக்குத் தெரியும், அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் கூரை சரிந்தபோதுகூட அவன் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

நான் உள்ளங்கையைக் காட்டவில்லை. காட்டுவதாக இருக்கவும் இல்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

சர்க்கார் ஊர் முழுக்க இலவசக் கூட்டங்களை இழுத்து மூடியது. அடுத்த வாரமே எங்கள் தியேட்டர்களில் ஜனம். குளிருக்கு ஒதுங்க வேறு இடமில்லை. அவர்கள் சிரிப்பதில்லை என்பது உண்மைதான். திரையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் வருகிறார்கள். முதலாளி சுருட்டைப் பற்ற வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். தாங்குமா என்பதுதான் என்னிடம் கேட்ட கேள்வி. தாங்கிவிட்டது.

நீங்கள் என்னைக் கூட்டிவந்த அன்று அவரிடம் விசாரித்திருப்பீர்கள். "அப்படி ஒருத்தர் எங்ககிட்ட வேலை பாத்ததா ஞாபகம்" என்றாராம். உங்கள் ஆள் சொன்னார். முதலில் நம்பவில்லை. அப்புறம் பழகிவிட்டது. ஜனங்கள் போனார்கள், மச்சான் என்னை மேடையில் வைத்துச் சிரித்தான், கட்டியவள் வீட்டு விஷயத்தை வெளியே கொட்டினாள், இவர் மட்டும் என்ன விதிவிலக்கா? நான் ஒருவன்தான் யாருக்கும் துரோகம் செய்யவில்லை.

இன்னும் ஒன்று உங்கள் நாக்கு நுனியில் நிற்கிறது, கேட்கத் தயங்குகிறீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். என் மனைவி உள்ளே இருந்தாள் என்பது மறுநாள் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வரிசைக்குப் போகிறேன் என்றாள், நம்பினேன். அன்றைக்கு நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாத் தலையும் ஒன்றுதான். அதுவும், இத்தனை பெரிய ஊரில் பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்காருகிறவள் அவள் ஒருத்திதானா, ஐயா?